மாடி வீடு, 120 சதுர அடி, அம்மா தூங்கும் அறை: எந்த ஏசி, எத்தனை ஸ்டார்?

பெரம்பூர்_மாடிவீடு | மார்ச் 9

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயசு. போன கத்திரியில் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கட்டிலை விட்டு இறங்கி, வெறும் மொசைக் தரையில் படுத்துக்கொண்டார்கள். தரை மட்டும்தான் கொஞ்சம் ஜில்லென்று இருக்கிறதாம். இந்த வருஷம் அதைப் பார்க்க எனக்கு மனசில்லை. ஏசி வாங்கியே ஆகணும்.

அறை 10-க்கு 12. மேலே மொட்டை மாடி, மேற்குப் பக்கச் சுவரில் சாயங்காலம் ஆறு மணி வரை வெயில். ஒரு ஜன்னல். இப்போ ரெண்டு மாசத்துக்கு சுமார் 420 யூனிட் வருகிறது. டன் என்றால் எவ்வளவு குளிர வைக்கும், ஸ்டார் என்றால் எவ்வளவு கரண்ட் மிச்சம் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். கடையில் 1.5 டன் 5 ஸ்டார்தான் சரி என்று அடித்துச் சொல்கிறார்கள். தெரு முனையில் இருக்கிற எலக்ட்ரீஷியன் 1 டன் 3 ஸ்டார் போதும் என்கிறார். ரெண்டுக்கும் நடுவில் ஏகப்பட்ட பண வித்தியாசம். அம்மாவுக்கு மூட்டு வலி வேறு, ரொம்பக் குளிரும் ஆகாது. பழகினவங்க வழி சொல்லுங்கள்.

---

திருச்சி_கண்ணன் | மார்ச் 9

கண்ணை மூடிக்கிட்டு 1.5 டன் 5 ஸ்டார் எடுங்க மேடம். பெரிசா எடுத்தா சீக்கிரம் குளிரும், சீக்கிரம் ஆஃப் ஆகும், கரண்ட் மிச்சம்.

---

குளிர்மெக்கானிக்_ஆவடி | மார்ச் 9

கண்ணன் சார், கோவிச்சுக்காதீங்க, நீங்க சொல்றது சென்னைக்கு ஒத்து வராது. பத்தொம்பது வருஷமா இதே வேலைதான் பாக்கறேன்.

இங்க வெயில் பாதி, புழுக்கம் பாதி. ஏசி ரெண்டு வேலை செய்யணும். காத்தைக் குளிர வைக்கணும், காத்துல இருக்கிற ஈரத்தைத் தண்ணியாக்கி டிரெயின் பைப்புல வெளிய தள்ளணும். உள்ள இருக்கிற காயில், அதாவது குளிர்ற குழாய்ச் சுருள், நல்லா ஜில்லுனு ஆகி, தொடர்ந்து கொஞ்ச நேரம் ஓடினாத்தான் அந்த ஈரம் இறங்கும். சின்ன ரூமுல பெரிய மிஷின் மாட்டினா அஞ்சு நிமிஷத்துல செட் பண்ண டிகிரிக்கு வந்துரும், கம்ப்ரஸர் நின்னுரும். காத்து ஜில்லுனு இருக்கும், ஆனா உடம்பு பிசுபிசுன்னு இருக்கும். உடனே ஆளு ரிமோட்டை எடுத்து 20-க்கு இறக்குவாங்க. மிச்சம்னு நினைச்சது அங்கயே போச்சு.

இன்வெர்ட்டர் மிஷின் வேகத்தைக் குறைச்சுக்கும், அதனால இந்தத் தொந்தரவு குறைவு. ஆனா அதுக்கும் குறைச்சுக்க ஒரு எல்லை இருக்கு.

பொதுவா 120 சதுர அடி வரைக்கும் 1 டன், அதுக்கு மேல 180 வரைக்கும் 1.5 டன்னு வெச்சுப்போம். அக்கா ரூம் சரியா கோட்டுல நிக்குது. மொட்டை மாடிங்கறதால கடைக்காரர் 1.5 சொல்றாரு. அந்தச் சூட்டுக்குப் பெரிய மிஷின் வாங்கறதை விட, சூட்டை உள்ள விடாம தடுக்கறது சல்லிசு. தளத்துக்கு மேல என்ன போட்டிருக்கு அக்கா? தட்டோடா, வெறும் சிமெண்டா?

---

பெரம்பூர்_மாடிவீடு | மார்ச் 9

வெறும் சிமெண்டுதான் தம்பி. கறுத்துப்போய்க் கிடக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் ஆறரைக்கு மேலே போய் வெறுங்காலில் நின்று பார்த்தேன், ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா அறையில் ஸ்டூல் போட்டு ஏறி உட்கூரையைத் தொட்டேன். அப்போதும் உள்ளங்கையில் சூடு தெரிந்தது.

---

கணக்குநோட்டு | மார்ச் 10

அந்த உள்ளங்கைச் சூடுதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். பகல் முழுக்கக் கான்கிரீட் குடித்த வெயில் கீழே இறங்கி வர நேரம் பிடிக்கும். வெளியே கடல் காற்று வந்து ஊரே குளிர்ந்த பிறகுதான் நம் கூரை சூட்டை அறைக்குள் கக்குகிறது. ஏசி போடுகிற அதே ஒன்பது, பத்து மணிக்கு. பழைய மெட்ராஸ் வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கெட்டித்து மேலே தட்டோடு பதித்தது சும்மா இல்லை.

இப்போது ஸ்டார் கணக்கு. இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிள் மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் தருவது. அறை ஏசிகளுக்கு அது 2010-லிருந்து கட்டாயம். நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், கீழே ஐஎஸ்இஇஆர் என்று ஒரு எண் இருக்கும், அதைப் படியுங்கள். ஒரு பருவம் முழுக்க அந்த ஏசி வெளியேற்றும் வெப்பத்தை, அதற்கு அது தின்னும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது அந்த எண். 5 என்றால் ஒரு யூனிட் கரண்டுக்கு ஐந்து யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. வெளி வெப்பம் 24 டிகிரியிலிருந்து 43 வரை, வருஷத்துக்கு 1600 மணி நேரம் என்று வைத்துப் போட்ட கணக்கு.

இன்னொன்று, அட்டவணையை அவ்வப்போது இறுக்குவார்கள். 2018-இல் 4.5 எடுத்தால் 5 ஸ்டார். 2022 ஜூலையில் அதை 5.0 ஆக்கினார்கள், 4.5 எடுத்தது 4 ஸ்டாராக இறங்கியது. அதனால் கடையில் பழைய இருப்பைத் தள்ளுபடியில் தரும்போது, லேபிளில் எந்த வருஷத்து அட்டவணை என்று அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

1.5 டன்னில் நான் கடைகளில் பார்த்த லேபிள்கள்: 5 ஸ்டாருக்கு வருஷம் 750 யூனிட்டை ஒட்டி, 3 ஸ்டாருக்கு 950-லிருந்து 1000 வரை. வித்தியாசம் 200, 250 யூனிட். ஆனால் அது 1600 மணி நேரத்துக்கு. உங்கள் அம்மா நாலு மாசம், ராத்திரி எட்டு மணி நேரம் போட்டால் 960 மணி நேரம்தான் ஆகிறது. மிச்சமும் அதே விகிதத்தில் சுருங்கி 120, 150 யூனிட் என்று வரும். 1 டன்னில் இன்னும் குறைவு.

அந்த யூனிட்டுக்கு என்ன விலை என்பதில்தான் தமிழ்நாட்டில் சூட்சுமம். அதை ராத்திரி வந்து எழுதுகிறேன்.

---

மதுரை_மீனா | மார்ச் 10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். இன்வெர்ட்டர் ஏசி என்றால் கரண்ட் போனாலும் ஓடும் என்று என் நாத்தனார் சொல்கிறாள். வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருக்கிறது, அதோடு சேர்த்து மாட்டுவதா?

---

குளிர்மெக்கானிக்_ஆவடி | மார்ச் 10

இல்லைங்க மேடம். வாரத்துக்கு நாலு பேராவது இதைக் கேக்கறாங்க. பேட்டரி இன்வெர்ட்டர் வேற, இது வேற. இதுல இன்வெர்ட்டர்ங்கறது கம்ப்ரஸரோட வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற போர்டு. பழைய மிஷின் முழு வேகத்துல ஓடும், நிக்கும், மறுபடி முழு வேகத்துல ஓடும். இது ரூம் குளிர்ந்ததும் மெதுவா ஓடிக்கிட்டே இருக்கும். ரூமுக்கு வேண்டியது கொஞ்சம்தான்னா அந்தக் கொஞ்சத்தை ரொம்பக் குறைஞ்ச கரண்டுல கொடுக்கும். கரண்ட் போனா இதுவும் நின்னுரும். வீட்டு பேட்டரியில தயவுசெஞ்சு ஏசி கனெக்ஷன் கொடுக்காதீங்க.

---

கணக்குநோட்டு | மார்ச் 10

பில் கணக்கு. எளிதாக இருக்க 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் யூனிட்டுக்குச் சில பத்துப் பைசா ஏறியது, அப்போது அமைப்பு மாறவில்லை.

ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25, அப்புறம் 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 போய்விடும், 101-லிருந்தே 4.50 ஆகிவிடும். மேலே போகப்போக 8, 9, 10, 11 ரூபாய். 510 யூனிட் ஓடினால் 2030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுகிறது.

மாடிவீடு அம்மா, நீங்கள் இப்போது 420. பில் 1245 ரூபாய். ஏசி ராத்திரிக்கு 5 யூனிட் தின்றால் ரெண்டு மாசத்தில் 300 சேர்ந்து 720 ஆகும். பில் 3830. அதே ஏசியை மூன்றரை யூனிட்டில் ஓட்டினால் 630, பில் 3020. ராத்திரிக்கு ஒன்றரை யூனிட் குறைத்ததில் 810 ரூபாய் மிச்சம்.

ஆகவே உங்களுக்கு மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் 8, 9 ரூபாய் பெறும். ஏசி போட்ட பிறகும் 500-க்குள் நிற்கிற சின்னக் குடும்பத்துக்கு அதே யூனிட் ஆறு ரூபாய்க்கு மேல் பெறாது, அவர்கள் 5 ஸ்டாருக்குக் கூடுதல் எட்டாயிரம் பத்தாயிரம் கொடுத்தால் திரும்ப வர நெடுநாள் ஆகும். பகலும் ராத்திரியும் ஓடுகிற வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், 5 ஸ்டார். எட்டு மணி நேரம், நாலு மாசம் என்றால் 1 டன்னில் நல்ல 3 ஸ்டாரோ 4 ஸ்டாரோ எடுத்துவிட்டு, மிச்சப் பணத்தை அந்தக் கறுத்த சிமெண்டுத் தளத்தில் போடுங்கள். அது மற்ற அறைகளுக்கும் சேர்த்துப் பலன் தரும், ஏசி போடாத நேரத்திலும் தரும்.

---

திருச்சி_கண்ணன் | மார்ச் 11

மெக்கானிக் தம்பி சொன்னதை யோசிச்சேன். எங்க ஊர்ல வறண்ட சூடு, பெரிசு போட்டும் புழுக்கம் தெரியல. அதை வெச்சு சென்னைக்குச் சொல்லிட்டேன், தப்புதான். ஆனா 5 ஸ்டார் விஷயத்துல நான் மாறல. பத்து வருஷம் ஓடப்போற மிஷின். இன்னைக்கு நாலு மாசம்னு சொல்றாங்க, ரெண்டு வருஷத்துல பிப்ரவரியிலயே போட ஆரம்பிச்சுருவாங்க. எங்க வீட்டுல அப்படித்தான் ஆச்சு. மின் கட்டணமும் ஏறத்தான் போகுது.

---

கணக்குநோட்டு | மார்ச் 11

அது நியாயமான வாதம், கண்ணன். பகலிலும் போட நேரும் என்று தோன்றினால் என் கணக்கு மாறும். அம்மாவைக் கேட்டு முடிவு செய்யட்டும்.

---

தூத்துக்குடி_உப்புக்காற்று | மார்ச் 12

காயில் பத்தி யாரும் பேசலையே. செம்புக் காயில்தான் கேட்டு வாங்குங்க. உப்புக்காத்துல அலுமினியக் குழாய் காயில் ஓட்டை விழுந்தா இங்க யாரும் பத்த வெச்சுத் தர மாட்டாங்க, முழுசா மாத்தணும். செம்புன்னா ஒட்டலாம். குழாய் செம்பா இருந்தாலும் அதுமேல இருக்கிற தகடு அலுமினியம்தான், அதுக்கு நீலக் கலர்ல பூச்சு இருக்கான்னு பாருங்க. எங்க வீட்டுல முதல் மிஷின் அவுட்டோர் தகடு நாலே வருஷத்துல பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. தகடு போனா சூடு வெளிய போகாது, அதே குளிருக்குக் கரண்ட் கூடிக்கிட்டே போகும். பில்லைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சோம்.

---

பெரம்பூர்_மாடிவீடு | மார்ச் 23

முதலில் மாடி வேலையை முடித்தேன். தளத்தைத் தேய்த்துக் கழுவி, வெடிப்பை அடைத்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு ரெண்டு கை. நேற்று ராத்திரி ஒன்பதுக்கு அதே ஸ்டூல், அதே இடம். இன்னும் வெதுவெதுப்பு இருக்கிறது, ஆனால் கையை எடுக்கத் தோன்றவில்லை. அம்மா தானாகவே, "இன்னைக்கு ஃபேன் காத்து கொஞ்சம் தேவலை" என்றார்கள். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டிவிட்டேன்.

ஏசி 1 டன் இன்வெர்ட்டர், 5 ஸ்டார், செம்புக் காயில். அம்மாவுக்கு மத்தியானமும் கொஞ்சம் படுக்கணும் என்று தெரிந்ததால் கண்ணன் சார் சொன்னதை எடுத்துக்கொண்டேன். நாளை மாட்ட வருகிறார்கள். எதைக் கவனிக்கணும்?

---

குளிர்மெக்கானிக்_ஆவடி | மார்ச் 23

அக்கா, நல்ல நேரத்துல கேட்டீங்க. அஞ்சு ஸ்டார் மிஷினை ரெண்டு ஸ்டாரா மாத்தறது மாட்டற நாள்தான்.

பக்கத்துல நின்னு பாருங்க. முக்கியமானது வேக்யூம். செம்புப் பைப்பை இன்டோர், அவுட்டோர் ரெண்டுலயும் முறுக்கினதும் பைப்புக்குள்ள நம்ம ஊர்க் காத்து இருக்கும், அதோட ஈரமும் இருக்கும். பம்ப் மாட்டி பதினஞ்சு இருபது நிமிஷம் இழுத்து வெளிய எடுக்கணும். அப்புறம் பம்பை நிறுத்தி, மீட்டர் முள்ளு அப்படியே நிக்குதான்னு கொஞ்ச நேரம் பாக்கணும். முள்ளு ஏறினா எங்கயோ லீக். அவசரத்துல சில பேர் பம்ப் எடுத்துக்கிட்டே வர மாட்டாங்க. வால்வைக் கொஞ்சம் திறந்து, மிஷின்ல குளிர வைக்கிற கேஸை உஸ்ஸுன்னு விட்டு, காத்து போயிருச்சும்பாங்க. போகாது. உள்ள காத்து மிச்சம் இருந்தா கம்ப்ரஸருக்குச் சுமை, குளிர் குறைச்சல், ஈரம் ஆயிலைக் கெடுக்கும். உங்க மிஷின்ல அநேகமா ஆர்-32 கேஸ் இருக்கும், அது கொஞ்சம் தீப்பிடிக்கிற வகை, அதை ரூமுக்குள்ள உஸ்ஸுன்னு விடறதே தப்பு.

அவுட்டோரை எங்க வைக்கறாங்கன்னு பாருங்க. ரெண்டு பில்டிங்குக்கு நடுவுல இருக்கிற டக்டுல வெக்காதீங்க, விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். மாடியில வெச்சா மேல ஒரு ஷீட் நிழல் நல்லது, ஆனா முன்னாடி, பின்னாடி காத்து தாராளமா போகணும். பெட்டி மாதிரி மூடிரக் கூடாது. பைப் தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டிரெயின் பைப் சரிவா இறங்கணும். தனி வயர், தனி எம்சிபி (லோடு அதிகமானா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்).

---

பெரம்பூர்_மாடிவீடு | மார்ச் 24

தம்பி, நீங்கள் சொன்னபடியே நடந்தது. வந்தவர்களிடம் பம்ப் இல்லை. "எல்லா வீட்டிலயும் இப்படித்தான் மாட்டறோம், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். நான் வால்வைத் திறக்க விடவில்லை. கடைக்கு போன் செய்து, பம்ப் வந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். ரெண்டரை மணி நேரம் கழித்து இன்னொரு பையன் வண்டியில் எடுத்துவந்தான். இருபது நிமிஷம் ஓடியது. நிறுத்திய பிறகு முள் மெல்ல ஏறியது! இன்டோர் பக்கம் ஒரு நட்டு சரியாக முறுக்கவில்லை. இறுக்கி, திரும்ப வேக்யூம் போட்டு, சோப்பு நுரை தடவிப் பார்த்த பிறகு முள் அசையாமல் நின்றது. இங்கே கேட்காமல் இருந்திருந்தால் அந்த லீக்கோடுதான் ஓட்டியிருப்பேன். ரொம்ப நன்றி.

---

கணக்குநோட்டு | மார்ச் 25

சபாஷ். இனி ஓட்டுகிற விதம். 2020 ஜனவரியிலிருந்து விற்கும் ஏசிகள் ஆன் செய்ததும் 24-இல் தொடங்க வேண்டும் என்று விதி. அங்கிருந்து ஒவ்வொரு டிகிரி ஏற்றினாலும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்று பணியகமே சொல்கிறது. சீலிங் ஃபேனை நிறுத்தாதீர்கள். உடம்பில் காற்று படும்போது 26, 27 கூட 24 மாதிரி இருக்கும், பழைய ஃபேனே 75 வாட்தான் எடுக்கும். அம்மாவின் மூட்டுக்கும் அதுதான் நல்லது.

மழைக்காலத்தில் பலர் செய்வது, ஏசி அறையில் துணி காயப்போடுவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் அதைத் திரும்ப நீராக்க ஏசி 0.68 யூனிட் வெப்பத்தை வெளியேற்றணும். ஈரப் புடவை, திறந்த பாத்ரூம் கதவு, கதவுக்கடியில் இடைவெளி எல்லாமே பில்லில் வந்து உட்காரும்.

---

பெரம்பூர்_மாடிவீடு | மே 14

கத்திரி நடுவில் எழுதுகிறேன். ராத்திரி பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் ஈபி மீட்டரைக் குறித்துவைத்தேன். ஃப்ரிட்ஜுக்கும் ஃபேன்களுக்கும் சேர்த்து ராத்திரிக்கு ஒன்றரை யூனிட் ஆகிறது என்று ஏசி போடாத நாட்களில் பார்த்து வைத்திருந்தேன், அதைக் கழித்துவிட்டேன். 24-இல், ஃபேன் இல்லாமல்: 4.6 யூனிட். 26-இல் ஃபேனோடு: 3.4. 27-இல் ஃபேனோடு: மூன்றுக்குக் கீழே. அம்மாவுக்கு 27 பிடித்துவிட்டது, மெல்லிய போர்வை போர்த்திக்கொள்கிறார்கள். தரையில் இறங்கிப் படுக்கவில்லை, ஒருநாள்கூட.

டிரெயின் பைப்புக்கடியில் பக்கெட் வைத்தேன். ஐந்து லிட்டர் பக்கெட்டில் முக்கால் நிரம்பியது. பாத்ரூம் கதவு திறந்துகிடந்த அன்று அது வழிந்திருந்தது, மீட்டரிலும் அரை யூனிட் கூடியிருந்தது. கணக்குநோட்டு சார் சொன்னது கண்ணுக்கே தெரிந்தது.

ஒரு சந்தேகம். சர்வீஸ் என்று ஒருவர் போன் செய்து, வருஷா வருஷம் கேஸ் நிரப்பணும், இப்போதே பதிந்துகொண்டால் தள்ளுபடி என்கிறார். வேண்டுமா?

---

குளிர்மெக்கானிக்_ஆவடி | மே 14

வேண்டாம் அக்கா. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ற பொருள் இல்ல, மூடின பைப்புக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். குறைஞ்சா எங்கயோ லீக், அதை அடைக்காம நிரப்பறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற கதை. யாராவது கேஸ் கம்மின்னு சொன்னா எங்க லீக்னு காட்டச் சொல்லுங்க, நுரை போட்டுக் காட்டணும்.

இன்டோர் ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே கழட்டிக் குழாய்த் தண்ணியில கழுவி, நிழல்ல காய வெச்சு மாட்டுங்க. வெயில்ல வெச்சா பிளாஸ்டிக் வளைஞ்சு சட்டத்துல உக்காராது. அவுட்டோர் தகட்டை மழைக்கு முன்னாடி ஒருதடவை, மெயினை ஆஃப் பண்ணிட்டு, லேசான தண்ணியில கழுவச் சொல்லுங்க. பிரஷர் பம்ப் வெச்சு அடிக்க விடாதீங்க, தகடு மடங்கிரும்.

---

மதுரை_மீனா | மே 15

எங்கள் பக்கம் சாயங்காலம் ஏழு மணிக்கு வோல்டேஜ் ரொம்ப இறங்குகிறது, டியூப்லைட் மினுங்கும். கடையில் ஸ்டெபிலைசர் வேண்டாத ஏசி என்கிறார்கள். நம்பலாமா?

---

குளிர்மெக்கானிக்_ஆவடி | மே 15

மிஷின் புத்தகத்துல எத்தனை வோல்ட்டுல இருந்து எத்தனை வரைக்கும் ஓடும்னு போட்டிருக்கும் மேடம். முதல்ல ஒரு எலக்ட்ரீஷியனை விட்டு ஏழு மணிக்கும் நடுராத்திரிக்கும் பிளக்குல அளந்து எழுதி வையுங்க. ரெண்டு எண்ணும் புத்தகத்துல போட்ட எல்லைக்குள்ள இருந்தா ஸ்டெபிலைசர் காசு மிச்சம். வெளிய போனா நல்லதா ஒண்ணு போடுங்க, போர்டு போனா அதை விடச் செலவு. அளந்த எண்ணை இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.